ஆட்டு முதுகெலும்பும் உங்கள் வலது தோளும்

ராஜபாளையம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி நம்பி அவர்களின் சமுகத்துக்கு, ராஜபாளையத்திலிருந்து ஜெபக்குமார் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் ஆண்டாள் நாச்சியாரின் கடாட்சத்தாலும் எங்கள் ரட்சகரின் கிருபையாலும் இங்கே நானும் என் மனைவி கிருபாபாயும் மகன் பிரேம்குமாரும் உங்கள் மகள் மாதுரியும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியார் கமலவல்லி அம்மாளும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன். யார் பெயரை முதலில் எழுதுவது என்று செத்த நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடிதம் உங்கள் வீட்டுக்கு வருவதால் உங்கள் நாச்சியாரை முதலில் எழுதினேன். எங்கள் ஆண்டவர் இதையெல்லாம் பெரிதுபடுத்த மாட்டார்.

சம்பந்தி என்று நான் அழைப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் என்னை ஒரு தடவைகூட அப்படி அழைத்ததில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே முடிவு செய்து செய்துகொண்ட கல்யாணம். நீங்கள் வரவில்லை. ஆனால் வந்து சத்தமும் போடவில்லை, அதற்கு முதல் நன்றி. பிறகு ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்துக் கும்பிட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். திருப்பிக்கொண்டாலும் விரித்த குடையைச் சுருக்கினீர்கள். மழை விட்டதால் சுருக்கினார் என்று என் மனைவி சொல்கிறாள். நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன், அதற்கும் நன்றி. எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் வியாதி எனக்கு உண்டு. நூற்பாலையில் மிஷின்களைப் பழுது பார்த்தே காலம் கழித்தவன். ஓடுகிற எதையும் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் எழுதுவது மாதுரிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பதில் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி, ஆனால் கிழிப்பதற்கு முன்னால் கடைசி வரைக்கும் படித்துவிட வேண்டுகிறேன்.

உங்கள் மகள் எங்கள் வீட்டில் என்ன செய்கிறாள் என்று உங்களிடம் யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். என்ன ஆராய்ச்சி என்று தெருவில் கேட்பவர்களுக்கு முதல் ஆறு மாதம் நான் கம்ப்யூட்டர் என்று மட்டும் சொல்லி நழுவினேன். ஏனென்றால் அவள் அந்தக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருந்தது ஆட்டின் முதுகெலும்பு. மனிதனுடைய முதுகு பாரம் தாங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது, எந்த எலும்பு எந்த எலும்பை நெருக்குகிறது, நடுவில் இருக்கும் டிஸ்க் எப்போது பிதுங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். உயிரோடு இருக்கிற மனிதனை வளைத்து வளைத்துப் பார்க்க முடியாது. ஆகையால் ஆட்டு முதுகை ஸ்கேன் செய்து, அதைக் கம்ப்யூட்டருக்குள் அப்படியே கட்டி, அதைப் பொடிப்பொடித் துண்டுகளாகப் பிரித்து, மேலே பாரத்தை வைத்தால் ஒவ்வொரு துண்டும் எம்புட்டுத் தாங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுமாம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆராய்ச்சியைப் பற்றி அல்ல. உலகம் முழுக்கப் பெயர்போன நாய் இருக்கிற ஊருக்கு வாழ வந்துவிட்டு, ஆட்டையா எடுப்பாள் ஒருத்தி. எங்கள் ஊர் நாயின் முதுகைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். நேராகவே கேட்டுவிட்டேன்.

"நம்ம ஊரு நாய் முதுகுக்கு என்னம்மா குறைச்சல்?"

"குறைச்சலே இல்ல மாமா. ஓடும்போது வில்லா வளையும். மனுச முதுகு அம்புட்டு வளையாதுல்லா. செம்மறியாட்டு இடுப்பெலும்பும் டிஸ்க்கும் அளவுல கொஞ்சம் நமக்குக் கிட்ட வருது."

"அது நாலு கால்ல நிக்கி. நாம ரெண்டு கால்ல நிக்கோம். எப்படி ஒத்துப்போகும்?"

அதற்கு அவள் கழுத்தில் கிடந்த பாசிமணியைக் கழற்றி, நூலை இரண்டு பக்கமும் இறுக்கி முடிச்சுப் போட்டுக் காண்பித்தாள். படுக்க வைத்தாலும் மணிகள் ஒன்றையொன்று நெருக்கின, நிமிர்த்திப் பிடித்தாலும் நெருக்கின. ஆட்டின் முதுகைச் சுற்றியுள்ள தசை அந்த நூல் மாதிரி இழுத்துப் பிடித்திருப்பதால், நாலு காலில் நின்றாலும் எலும்புகளுக்குள்ளே நெருக்கடி நம்மைப்போலவே நீளவாக்கில்தான் இருக்குமாம். மில்லில் இத்தனை வருஷம் பெல்ட்டை இறுக்கியவன் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். அன்றைக்கே நாயின் கட்சியை விட்டுவிட்டேன்.

அடுத்தாற்போல நிஜ முதுகெலும்பு ஒன்று வேண்டும் என்றாள். கம்ப்யூட்டருக்குள் இருப்பது சரிதானா என்று ஒத்துப் பார்க்க. முட்டைகூடத் தொடாத பிள்ளை கறிக்கடைக்கு எப்படிப் போவாள், நான் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் தெருமுனையில் பால்பாண்டி கடை. ஞாயிற்றுக்கிழமை காலை, வரிசையில் ஊரே நிற்கிறது. நான் போய், செம்மறியாடு இருக்கா என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். வரிசை முழுக்க என் பக்கம் திரும்பியது. வெள்ளாட்டுக் கறி மட்டுமே கிடைக்கும் என்று பெயிண்டில் எழுதி வைத்திருக்கிற கடை அது. முன்னால் கறி வாங்கிவிட்டு நின்ற அம்மாள் தன் தூக்குவாளியைத் திறந்து உள்ளே இருந்ததை மோந்து பார்த்தார். பால்பாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது.

"அண்ணாச்சி, பொழப்பக் கெடுக்காதீய. நம்ம கடையில செம்மறின்னு பேச்சே கெடையாது."

நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலேயே வந்து, காதோடு காதாக, "சாயங்காலமா வாங்க" என்றான். சாயங்காலம் போனேன். கழுத்திலிருந்து வால் வரைக்கும் கத்தி படாமல் முழுசாக வேண்டும் என்றேன்.

"சூப்புக்கா அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டருக்கு."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "கறி வேண்டாமா, எலும்பு மட்டும் போதுமா அதுக்கு?" என்று கேட்டான். மறு ஞாயிறு காலையில் எங்கள் சபைக் கோயிலுக்குப் போகும் வழியில் வாங்கிக்கொள்ளச் சொன்னான். அப்படியே வாங்கி, துணியில் சுற்றி, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஆராதனைக்குப் போனேன். மறுநாள் ஸ்கேன். இதைக் கிருபாபாயிடம் சொல்ல மறந்துவிட்டேன். சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம், இல்லை என்று அவள் வேதாகமத்தின் மேல் கை வைக்கத் தயாராக இருக்கிறாள்.

அன்றைக்கு எங்கள் சபைப் போதகர், ஆராதனை முடிந்ததும் முன்னறிவிப்பு இல்லாமல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டார். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்து கறி இல்லாமல் அனுப்பினால் அந்த வீட்டுக்காரி வெளியே தலைகாட்ட முடியாது. கிருபாபாய் ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறாள். கர்த்தர் கொடுத்தார் என்று எடுத்துவிட்டாள். நான் போதகரோடு கூடத்தில் உட்கார்ந்து சங்கீதம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து டமார் டமார் என்று அரிவாள் சத்தம் கேட்டது. தேங்காய் என்று நினைத்தேன். எலும்புக் குழம்பு வந்தது. போதகர் கண்ணை மூடி, இந்த ஆகாரத்தைத் தந்தவருக்கும் ஆயத்தம் பண்ணிய கைகளுக்கும் நீண்ட ஜெபம் செய்தார். நான் ஆமென் சொல்லி, ஒரு எலும்பை உறிஞ்சி, நடுவிலிருந்த டிஸ்க் பல்லில் பட்டபோதுதான் அது என்ன என்று விளங்கியது. மாதுரி தயிர்ச்சோறோடு எதிரே உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் இன்னொரு கரண்டி கேட்டார். அவர் முன்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

அவர் போனதும் கிருபாபாய் அழுதுவிட்டாள். "ஏம்மா, உன் படிப்பையில்லா கொதிக்க வச்சிட்டேன்" என்று மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு வீடாக இருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் மகள் சிரித்தாள். "இதுக்குத்தான் அத்தை கம்ப்யூட்டருக்குள்ள கட்டுறது. அங்க போட்டுட்டா எத்தனை தடவ வேணும்னாலும் வளைக்கலாம், யாரும் குழம்பு வைக்க முடியாது" என்றாள். சொல்லிவிட்டு, "போதகரு நல்லா சாப்பிட்டாவ, விடுங்க" என்றும் சொன்னாள். இந்தப் பிள்ளையை வளர்த்தவர்கள் நீங்களும் கமலவல்லி அம்மாளும். இதற்கு எந்த பாஷையில் நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, தமிழில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பால்பாண்டி இரண்டாவது முதுகெலும்பு கொடுத்தான். இந்தத் தடவை ஃபிரிட்ஜிலேயே வைக்காமல் நேராக ஸ்கேன் சென்டருக்கு எடுத்துப் போனோம். அங்கே பெயர் எழுதாமல் மிஷின் வேலை செய்யாதாம். அங்கே பெயர் பதிகிற பெண் கேட்டாள், மாதுரி யோசித்தாள், நான் ஆடு என்றே போடச் சொன்னேன். இனிஷியல் கேட்டாள். பால்பாண்டியின் நினைவாகப் பி என்று கொடுத்தேன். பி. ஆடு என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். நான் துணிமூட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தபோது, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் வழிவிட்டார்கள். உள்ளே மிஷினில் பதிவு செய்து வைத்த குரல், மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றது. எலும்பு பிடித்துக்கொண்டது. மூச்சை விடுங்கள் என்றது. பி. ஆடு மாதிரி சொன்னபடி கேட்கிற ஆளை இதுவரைக்கும் ஸ்கேன் பண்ணினதே இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள்.

சம்பந்தி அவர்களே, இனிமேல் எழுதப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் நான் மாதுரியின் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். முதுகெலும்பு திரையில் நிற்கும். பாரம் வைப்பாள். தாங்குகிற இடம் நீலம், கஷ்டப்படுகிற இடம் சிவப்பு. மிஷினில் எங்கே தேய்கிறது என்று கண்டுபிடிப்பதே என் வேலையாக இருந்ததால் எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பல நாள் பார்த்த பிறகு ஒன்று கவனித்தேன். அவள் பாரத்தை ஒருபோதும் நடுவில் வைப்பதில்லை. எப்போதும் வலது பக்கத்தில்தான் வைப்பாள். வைத்தவுடன் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரே இடம் செக்கச் சிவப்பாகும்.

"ஏம்மா, ஆடு எங்க போய் ஒரு பக்கமாச் சொமக்குது? ரெண்டு பக்கமும் வைக்க வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பா வலது தோள்லதான் மாமா தூக்குவாவ" என்றாள்.

பொறவு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நீங்கள் ஸ்ரீபாதம்தாங்கி, நாச்சியாரின் பல்லக்குத் தண்டைத் தோளில் ஏந்தி ரதவீதி சுற்றி வருகிறவர், உங்கள் அப்பாவும் அதே தண்டில் அதே இடத்தில் நின்றவர். புறப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்தால் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையாக இருந்த இவளை முதுகின் மேல் ஏறி மிதிக்கச் சொல்வீர்களாம். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக நடப்பாளாம். "அப்பா முதுகுல எந்த எலும்பு எங்க இருக்குன்னு என் பாதத்துக்குத் தெரியும் மாமா. இடுப்புக்கிட்ட வரும்போது ஒண்ணு மட்டும் எறங்கின மாதிரி இருக்கும். அங்க மிதிச்சா அப்பா மூச்சைப் பிடிச்சுக்குவாவ. ஏன்னு கேட்டா, நாச்சியார் உக்காந்த இடம்னு சொல்லுவாவ. அது ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் படிச்சதே."

என் மகனைக் கட்டிக்கொண்டதற்காக அந்த முதுகை இனிப் பார்க்கவே முடியாமல் போய்விட்டது அவளுக்கு. அதனால்தான் ஆட்டு முதுகில் உங்கள் பாரத்தை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

போன பங்குனித் திருவிழாவில் அவளும் நானும் அங்கே வந்திருந்தோம். பால்கோவாக் கடை ஓரத்தில் கூட்டத்துக்குள் நின்றோம். புறப்பாடு எங்களைக் கடந்து போனது. எல்லாரும் நாச்சியாரைப் பார்த்தார்கள், இவள் கீழே உங்கள் காலைப் பார்த்தாள். "மாமா, அப்பாவுக்கு இடது கால் பின்னுது. முன்னாடி இப்படி இல்ல" என்றாள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தவள்தான், இன்றுவரைக்கும் அதை மூடவில்லை. நான் மிஷின் பார்த்தவன். ஒரு பக்கம் தேய்ந்த தண்டு எத்தனை நாள் ஓடும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் விழுந்துவிடுவீர்களோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆடிப்பூரம் நெருங்கிவிட்டது, மறுபடியும் தண்டை ஏந்துவீர்கள். என் ஒரே விண்ணப்பம் இதுதான். உங்கள் மகளை மன்னியுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் படியேறுங்கள் என்றும் கேட்கவில்லை. இந்த வருஷம் ஒரு வருஷம் மட்டும் தண்டை இடது தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் நிற்பவரோடு இடம் மாற வேண்டியிருக்கும். அது உங்கள் அப்பா நின்ற இடம் என்பதும், நேற்று வந்த ஒரு வேற்று மதத்துக்காரன் சொல்லி மாற்றுகிற காரியம் இல்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சிவப்பு நிறத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. தோளை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். உங்கள் கோபமும் அப்படியே இருக்கட்டும்.

கமலவல்லி அம்மாளுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள். மாதுரி வைக்கிற புளியோதரையை எங்கள் சபையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் காலும் இடுப்பும் தோளும் எல்லா நாளும் உங்களைத் தாங்கட்டும், நீங்கள் தாங்குகிறவள் உங்களைத் தாங்கட்டும் என்று என் முறைப்படி ஜெபித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள சம்பந்தி,
ஜெபக்குமார்.

பின்குறிப்பு: உறையை ஒட்ட நான் பசை தேடிப் போன நேரத்தில் மாதுரி வந்து முழுவதையும் படித்துவிட்டாள். குழம்பு வரைக்கும் சிரித்தாள். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. பிறகு என்னைத் திட்டினாள், வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் முதல் தடவை. "ஆட்டப் பாத்து மனுசனுக்குத் தோள மாத்தச் சொல்லலாமா மாமா? ஒப்பிட்டுப் பாக்கத்தான் ஆடு. அது எங்கப்பா ஆகாது. இடது தோளுக்கு மாத்தி அந்தக் கால் இன்னும் மோசமானா என்ன செய்ய? அவிய முதுக டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பாக்காம எவரும் எதுவும் சொல்லக்கூடாது" என்றாள். ஆகவே இடது தோள் பற்றி மேலே எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அது உங்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையாம். மாதுரிக்குத் தெரியாது என்பதும் இப்போது சரியில்லை. பதில் வேண்டாம் என்பதும் இல்லை, வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாதீர்கள், நானே கொண்டு போகிறேன் என்று மாதுரி சொல்லிவிட்டாள். நான் பஸ்ஸில் கூட வந்து தேரடிப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன், தெருவுக்குள் வர மாட்டேன். "அப்பா கடுதாசிய வாங்கிக்கிடுவாவ, என்னை வான்னு சொல்ல மாட்டாவ. உள்ள போய்த் தனியா உக்காந்துதான் படிப்பாவ" என்று அவள் சொல்கிறாள். அப்படியானால் இந்தப் பின்குறிப்பை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும். ஆட்டையும் போதகரையும் பற்றி நீங்கள் படித்துக்கொண்டிருந்த இவ்வளவு நேரமும் உங்கள் மகள் வாசலில் வெயிலில்தான் நிற்கிறாள். உள்ளே கூப்பிடுங்கள்.